தரை கழுவிவிட்டுப் போன திருடன்

திருடன் வந்துபோன அறைதான் அன்று காலையில் மாத்தளை நகரத்திலேயே மிகச் சுத்தமான அறை. டைல் தரை அப்படிப் பளபளத்தது. குனிந்து பார்த்த சுதர்ஷனுக்குத் தன் முகமே அதில் தெரிந்தது. சவரம் செய்ய மறந்ததும் சேர்ந்தே தெரிந்தது.

"மேடம், இந்தக் கள்ளன நம்ம ஆபீசுக்கும் ஒரு தரம் வரச் சொல்லலாமா? கூட்டிப் பெருக்கி ரெண்டு மாசமாச்சு."

கைறுன்னிஸா திரும்பிப் பார்க்கவில்லை. மாத்தளையில் 'தனியார் விசாரணை' என்று பலகை மாட்டியிருக்கும் பெண் அவர் ஒருவர்தான். வருகிற வழக்குகளில் முக்கால்வாசி கல்யாண விசாரணை. மாப்பிள்ளை சிகரெட் பிடிப்பாரா, பெண் வீட்டார் சொன்ன வயது நிஜ வயதுதானா என்கிற வகை. சுதர்ஷன் அவருடைய உதவியாளன். சொந்தமாக ஆட்டோ வைத்திருந்ததால்தான் அவனுக்கு அந்தப் பதவி கிடைத்தது என்று ஊரில் பேச்சு. அவன் அதை மறுத்ததே இல்லை. மூளைக்காகக் கிடைத்தது என்று சொன்னால் அவனுடைய அம்மாவே சிரிப்பார்.

"பாருங்க மேடம். மொனிட்டர் இருக்கு, கீபோர்ட் இருக்கு. புது லேப்டொப்பும் கைக்கடிகாரமும் மேசையிலயே கிடக்கு. அந்தக் கிழட்டுக் கம்பியூட்டர்ப் பெட்டிய மட்டும் தூக்கிட்டு, தரையக் கழுவிட்டுப் போயிருக்கான். ஏன்? கைரேகைய அழிக்க!"

"கைரேகை தரையிலயா ஈக்கும், தம்பி? கள்ளன் கையாலயா நடந்து வந்த?"

சுதர்ஷன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். கைறுன்னிஸா டைல் இடுக்கில் விரலை ஓட்டி, நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மஞ்சள்.

"மஞ்சள் தண்ணி" என்றார். பிறகு மேசையைச் சுட்டிக்காட்டினார். கடிகாரத்துக்குப் பக்கத்தில் அடுப்படி இடுக்கி ஒன்று கிடந்தது. "இது என்ன, கம்பியூட்டர் சாமானா?"

"சூடான கம்பியூட்டரா இருந்திருக்கும்" என்றான் சுதர்ஷன்.

வாசலில் நின்ற வீட்டுக்காரர் செல்லையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மனிதர் தேயிலைத் தோட்ட ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்துக்கு வந்த முதல் கம்பியூட்டர் அவர் கைக்குத்தான் வந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மின்னும் அந்தக் காலத்துப் பெட்டி. போன வருஷம் தோட்டத்து ஸ்டோரை ஒழித்தபோது, எலிப் புழுக்கையோடு சேர்த்து அதை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். அவருக்கு இந்த விஷயத்தில் ஒரு கூட்டாளி உண்டு. ரேடியோ திருத்துகிற பதுர்தீன், நாற்பது வருஷச் சிநேகிதர். இருவரும் சேர்ந்து கீபோர்டின் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பல் துலக்குகிற பிரஷால் தேய்த்தார்கள். பழுப்பேறிப்போன பெட்டிக்கு சலூனிலிருந்து தலைமயிர் வெளுக்கும் கிரீம் வாங்கி வந்து பூசி, வெயிலில் காயவைத்து, வெள்ளையாக்கினார்கள். சொந்தத் தலையைக் கவனிக்காத இருவர் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு அழகு பார்த்ததில் ஊருக்கு நல்ல பொழுதுபோக்கு.

"இது பதுர்தீன் வேலைதாங்க" என்றார் செல்லையா. "போன கிழமை சண்டை. உள்ளுக்குள்ள கடிகாரத்துக்கு ஒரு பெட்டறி இருக்கும். அது ஒழுகிப் போச்சு. அதே மாதிரி பழைய பெட்டறி தேடித்தான் போடணும்னு நான் சொன்னேன். கையில கிடைக்கிறதப் போட்டு ஓட்டுவம்னு அவர் சொன்னார். வாக்குவாதம் முத்திப்போய், 'உங்கட கையில ஈந்தா இதுக்கு உசிரு வராது, ஒரு நாளைக்கு நான் தூக்கிட்டுப் போயிருவன்'னு சொல்லிட்டு எழும்பிப் போனார். பின்கதவுச் சாவியும் அவர்கிட்ட ஒண்ணு இருக்கு. வேற என்ன வேணும்?"

"அவர்ட்டக் கேட்டீங்களா?"

"கள்ளன்கிட்ட என்னத்தக் கேக்க? நான் விடியவே பொலிசுக்குப் போக வெளிக்கிட்டேன். இவதான் முதல்ல உங்களக் கூப்பிடச் சொன்னா. சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அதுக்குப் பிறகு பதுர்தீன் பேரக் குடுத்து என்ட்ரி போட்டுருவேன்."

'இவ' என்றது மனைவி சரோஜாதேவி டீச்சரை. மாத்தளையில் பாதிப் பேருக்கு இரசாயனவியல் படிப்பித்தவர். மீதிப் பாதி அவரிடம் பெயிலானது. சுதர்ஷன் இரண்டாவது பாதி. டீச்சர் தட்டில் போத்தல் சோடாவோடு உள்ளே வந்தபோது, அவன் தன்னையறியாமல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக நின்றான்.

"வெயில்ல வந்தவங்களுக்கு தேசிக்காய்த் தண்ணி கரைச்சிருக்கலாமே" என்றார் செல்லையா.

"வீட்டுல தேசிக்காய் இல்லைங்க" என்றார் டீச்சர்.

கைறுன்னிஸா சோடாவை ஜன்னலருகே நின்று நிதானமாகக் குடித்தார். பின்வளவில் ஒரு பழைய கோழிக்கூடும் ஒரு மரமும் தெரிந்தன. மரத்தடியில் மஞ்சள் மஞ்சளாய்ப் பழம் கொட்டிக் கிடந்தது.

சுதர்ஷன் தன் பங்குக்கு ஏதாவது கண்டுபிடித்தாக வேண்டுமே என்று தரையில் படுத்து அலுமாரிக்கு அடியில் கையை விட்டான். உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டது. வெளியே இழுத்தான். பிறகு அவன் எழுப்பிய சத்தம் பக்கத்து வீட்டு நாயை எழுப்பியது.

ஒரு தேசிக்காய், அதாவது எலுமிச்சை. அதன் ஒரு பக்கத்தில் கூரைத் தகரத்துக்கு அடிக்கிற ஆணி ஒன்று ஆழமாகக் குத்தியிருந்தது. மறுபக்கத்தில் மெல்லிய செப்புத் தகடு செருகியிருந்தது. ஆணியில் கம்பி சுற்றி, அறுந்துபோய்த் தொங்கியது.

"சூனியம்!" என்றான் சுதர்ஷன். "மேடம், நான் தொட்டுட்டேன். வலது கையால! நான் சாப்பிடுற கை!"

செல்லையாவின் முகம் வெளிறிவிட்டது. களவு என்றால் கோபப்படலாம். இதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. "பதுர்தீனா?" என்றார் மெல்ல. "எனக்கா?" அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

டீச்சர் உள்ளே போய்விட்டிருந்தார்.

"ஒங்கட சாப்பாட்டுப் பெட்டியத் தாங்க, தம்பி" என்றார் கைறுன்னிஸா.

"அதுல பகல் சோறு இருக்கு."

"அப்ப தின்னுருங்க."

பத்து மணிக்கு முன்பே பகல் சோற்றைத் தின்று முடித்து, அந்தப் பெட்டிக்குள் தேசிக்காயைப் பூட்டி, ஆட்டோவின் முன்பக்கம் வைத்துக்கொண்டு சுதர்ஷன் தம்புள்ளைக்குப் புறப்பட்டான். பதுர்தீனின் மனைவி றாபியாவிடம் போனில் கேட்டதில், அவர் காலையிலேயே தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் என்கிற மொத்தச் சந்தையில் இருக்கும் தம்பியின் மரக்கறிக் கடைக்குப் போய்விட்டதாகத் தெரிந்தது.

"ஓடிட்டார் மேடம். இதுக்குப் பேர்தான் தலைமறைவு."

"தலைமறைவாப் போறவர் பொஞ்சாதிக்கிட்ட இடத்தச் செல்லிட்டா போவார்?"

வழியில் நாவுல ஊரைத் தாண்டும்வரை சுதர்ஷன் ஒரு கையால்தான் ஓட்டினான். மற்றக் கை, அதாவது தொட்ட கை, காற்றில் நீட்டியபடி இருந்தது. பின்னால் வந்த பஸ்காரர்கள் எல்லாம் அவன் வலது பக்கம் திரும்பப்போவதாக நினைத்து ஹோர்ன் அடித்துத் திட்டிக்கொண்டே முந்திப் போனார்கள்.

தம்புள்ளையில் லொறிகளுக்கு நடுவே நுழைந்து, கோவா மூட்டைக்கும் பூசணிக் குவியலுக்கும் இடையே கடையைக் கண்டுபிடித்தார்கள். பதுர்தீன் உள்ளே ஒரு வெங்காய மூட்டையில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் தன் போன். வலது கையில் ஸ்குரூ டிரைவர். மடியில் யாரோ தூக்கியெறிந்த பழைய கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி ஒன்று வயிறு கிழிந்து கிடந்தது. நிமிடத்துக்கு ஒருதரம் தன் போனைப் பார்த்தார்.

சுதர்ஷன் சாப்பாட்டுப் பெட்டியை அவர் முகத்துக்கு நேரே திறந்தான். அவர் பயப்படுவார், பின்வாங்குவார், அப்போது சட்டையைப் பிடித்துக்கொள்ளலாம் என்பது அவன் திட்டம்.

பதுர்தீன் பயப்படவில்லை. கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, "மத்த மூணும் எங்க?" என்று கேட்டார்.

"மேடம்! ஒத்துக்கிட்டார்!"

"என்னத்த ஒத்துக்கிட்ட? மத்த மூணு தேசிக்காயும் எங்க? நாலையும் கோர்த்தல்லவா வெச்சிட்டு வந்தன். ஒண்டக் கழட்டினா ஓடாதே. யாருடா கழட்டின?"

"பதுர்தீன் நானா, முதல்ல இருந்து செல்லுங்க" என்றார் கைறுன்னிஸா, அண்ணன் முறை வைத்து. அவர் முகத்தில் அன்றைக்கு முதன்முதலாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

பதுர்தீன் சொன்னது இதுதான். சண்டை போட்டபிறகு அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. முந்தின நாள் மாலை செல்லையாவும் டீச்சரும் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் பின்கதவால் உள்ளே போனார். வளவில் நாலு தேசிக்காய் பறித்தார். ஒவ்வொன்றிலும் ஓர் ஆணி, ஒரு செப்புத் தகடு. கம்பியால் கோர்த்துக் கம்பியூட்டரின் கடிகாரத்தோடு இணைத்துவிட்டார். தேசிக்காய்ப் புளிப்பில் கொஞ்சம் மின்சாரம் வரும். அந்தக் கடிகாரத்துக்கு அது போதும்.

"விடிஞ்சு அவர் வந்து சுவிட்சப் போட்டா, திரையில நேரம் சரியாக் காட்டும். யாரு செஞ்சதுண்டு வெளங்கும். உடனே எனக்குக் கோல் எடுப்பார்." அவர் மறுபடியும் போனைப் பார்த்தார். "இன்னம் எடுக்கல்ல. நான் இங்க வந்தது நிலையான பெட்டறி ஒண்டு தேடி. இந்தப் பழைய போன்ல ஈக்கிது பாருங்க, அளவும் சரி."

கைறுன்னிஸா பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தார். "பெட்டியக் காணல்ல, நானா. காலையில இருந்து."

"யா அல்லாஹ்! செல்லையா எப்பிடி ஈக்கிறார்? அவர்ட உசிரல்லவா அது."

"அவர் ஒங்களத்தான் நினைச்சிட்டு ஈக்கிறார். சாயங்காலம் பொலிசுக்குப் போறாராம்."

பதுர்தீனுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஸ்குரூ டிரைவரை மெதுவாகக் கீழே வைத்தார். பின்னால் யாரோ தக்காளி விலையைக் கத்திக்கொண்டிருந்தார்கள். சுதர்ஷன் சாப்பாட்டுப் பெட்டியை மூடினான்.

"நானும் வாறன்" என்றார் பதுர்தீன். அந்தப் பழைய தொலைபேசியை எடுத்துக்கொள்ளவில்லை. கைறுன்னிஸாதான் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினார்கள். பதுர்தீன் ஆட்டோவை விட்டு இறங்க மறுத்துவிட்டார்.

"மேடம், இப்ப எனக்கு ஞாபகம் வருது" என்றான் சுதர்ஷன் தாழ்ந்த குரலில். "தேசிக்காய், ஆணி, செம்பு. இத எங்க டீச்சர் போர்டுல வரைஞ்சு காட்டினாங்க. சோதனையிலயும் வந்திச்சு. நான் அதுக்குப் பக்கத்துல ஒரு கோப்பையும் வரைஞ்சு, கொஞ்சம் சீனியும் போட்டு வெச்சேன். பெயில்."

கைறுன்னிஸா கோப்பையைக் கீழே வைத்தார். "வருஷா வருஷம் படிப்பிச்சாங்களா?"

"ஒவ்வொரு வகுப்புக்கும். அப்ப டீச்சர் மேல சந்தேகப்பட ஏலாது மேடம். அந்த வீட்டுல இதப் பாத்து பயப்படாத ஒரே ஆள் அவங்கதான்."

"தேத்தண்ணியக் குடிங்க, தம்பி. நேரம் போகுது."

மாத்தளைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. செல்லையா முன்னறையில் நீளக் காற்சட்டை போட்டு, தலை வாரி, பொலிசுக்குப் போகிற கோலத்தில் சப்பாத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பதுர்தீன் கேற்றுக்கு வெளியே ஆட்டோவிலேயே இருந்துவிட்டார்.

கைறுன்னிஸா செல்லையாவிடம் நிற்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போனார். சுதர்ஷன் பின்னாலேயே போனான். டீச்சர் அடுப்பு முன்னால் நின்றிருந்தார். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை.

"டீச்சர், வளவுல தேசிக்காய் மரம் காய்ச்சுக் கொட்டுது" என்றார் கைறுன்னிஸா. "வந்தவங்களுக்கு நீங்க கடைச் சோடா வாங்கித் தாறீங்க. தேசிக்காய் இல்லண்டு செல்றீங்க. நேத்து வரைக்கும் தொட்ட காய, இண்டைக்கு ஏன் தொட ஏலாது?"

டீச்சர் பற்றாத அடுப்பைத் துடைக்கத் தொடங்கினார்.

"மஞ்சள் தண்ணி ஊத்திக் கழுவினது கள்ளன் இல்ல. கள்ளனுக்கு இந்த வீடு சுத்தமாகி என்னத்துக்கு? இங்க குடியிருக்கிறவங்களுக்குத்தான் அது வேணும். வயர் எல்லாம் இடுக்கியால பிடிச்சுக் கழட்டியிருக்கு. கையால தொடப் பயம். பொலிசுக்குப் போக வெளிக்கிட்டவர நிப்பாட்டி என்னக் கூப்பிடச் சொன்னதும் நீங்கதான்."

சுதர்ஷன் டீச்சரைப் பார்த்தான். இந்த முகத்தின் முன்னால் அவன் எத்தனையோ முறை தலை குனிந்து நின்றிருக்கிறான். இப்போது குனிந்திருந்தது அவர் தலை. அவனுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"ஒரு வருஷமா அவர் சரியாச் சாப்பிடுறதில்ல" என்றார் டீச்சர். "தூக்கமில்ல. அந்த அறைக்குள்ள தனியாப் பேசுறார். கூப்பிட்டாக் கேக்குறதில்ல. இளைச்சும் போயிட்டார். இண்டைக்கு விடியக் கதவத் திறக்கிறேன், அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல காய், ஆணி, செப்புத் தகடு. ஓ, இதுதான் காரணம்னு மனசு சொல்லிருச்சு."

"டீச்சர், அது சூனியமில்ல" என்றான் சுதர்ஷன். "பழைய மெஷின் பிடிச்ச எல்லா ஆம்பிளைக்கும் அப்படித்தான். எங்க அப்பாவுக்கு ஒரு ஸ்கூட்டர்."

"எனக்குத் தெரியாதாடா? முப்பது வருஷம் அந்தப் படத்த போர்டுல வரைஞ்சவ நான். கழுவி முடிச்சு உக்கார்ந்த பிறகுதான் அதே படம்னு விளங்கிச்சு. வேற யார் வீட்டுல கண்டிருந்தாலும் சிரிச்சிருப்பேன். இது அவர் மேசையில கிடந்திச்சு." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுக்குள்ள அவர் பதுர்தீன் நானா பேரச் சொல்லிட்டார். நான் வாயத் திறந்தேன். கெமிஸ்ட்ரி டீச்சர் சூனியத்துக்குப் பயந்து மஞ்சள் தண்ணி தெளிச்சாங்கன்னு ஊர் சிரிக்குமே. வாய மூடிட்டேன்."

"பெட்டிய ஆத்துல போட்டுட்டீங்களா?" என்று கேட்டார் கைறுன்னிஸா.

"போடத்தான் நினைச்சேன். ஒவ்வொரு பொத்தானையும் பிரஷால தேய்ச்சவர். மனசு வரல்ல. கோழிக்கூட்டுல இருக்கு. சுத்தி வேப்பிலை."

கைறுன்னிஸா மெல்லச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "நான் இத ஒருத்தருக்கும் செல்ல மாட்டன், டீச்சர். கோழிக்கூட்டுல கண்டெடுத்தன், யாரு வெச்சதோ தெரியாதுண்டு என்னால செல்ல ஏலும். ஆனா வெளியில ஆட்டோவுல ஒரு மனுஷன் குந்திக்கிட்டு ஈக்கிறார். 'யாரோ' எண்டு செல்ற வரைக்கும், அந்த யாரோ அவர்தான்."

முன்னறையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. செல்லையா வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "சுதர்ஷன், கூட்டுல இருக்கிறதத் தூக்கிட்டு வா. பத்திரம்" என்றார். பழைய குரல். பிறகு அடுப்படியை விட்டு வெளியே போய், கேற்றருகில் கணவரை நிறுத்தினார். வீதியில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி, ஒரு சொல் மிச்சம் வைக்காமல், எல்லாவற்றையும் சொன்னார்.

வேப்பிலை ஒட்டிய பெட்டியையும், அதோடு தொங்கிய மூன்று தேசிக்காயையும் தூக்கிக்கொண்டு சுதர்ஷன் வந்தபோது, செல்லையாவும் டீச்சரும் கைறுன்னிஸாவும் கேற்றடியில் அசையாமல் நின்றார்கள். செல்லையா பெட்டியைப் பார்க்கவே இல்லை.

"நான் இளைச்சுப் போயிட்டேன்னா பயந்தே?" என்று மனைவியிடம் கேட்டார்.

"வேற எதுக்கு?"

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"கூப்பிட்டாக் கேக்குறீங்களா?"

செல்லையா ஆட்டோப் பக்கம் திரும்பினார். கேற்றை அகலத் திறந்து பிடித்தார்.

"உள்ள வாங்க, பதுர்தீன்."

"கள்ளனையா கூப்பிடுறீங்க?"

"மடையன் கூப்பிடுறான். வாங்க."

பதுர்தீன் இறங்கி வர எடுத்துக்கொண்ட நேரம் சுதர்ஷனுக்கு மிக நீளமாகத் தெரிந்தது. பெட்டி அத்தனை பாரம். வந்தவர் செல்லையாவைப் பார்க்காமல், பெட்டியில் ஒட்டிய வேப்பிலையை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். கடைசி இலையைச் செல்லையா எடுத்தார்.

அறையில் மேசைமேல் பெட்டியை வைத்ததும் கைறுன்னிஸா பையிலிருந்த பழைய தொலைபேசியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தேசிக்காய்க் கோவையை முதன்முறையாகக் கையால் தொட்டுத் தூக்கினார். ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்தார். புருவம் சுருங்கியது. அந்தப் புருவத்தைச் சுதர்ஷனுக்கு நன்றாகத் தெரியும். அவன் ஓரடி பின்வாங்கினான்.

"யார் இதக் கோர்த்தது?"

பதுர்தீன் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"ஒரு காயோட ஆணி, அடுத்த காயோட செம்புலதான் சேரணும். இங்க ஆணியையும் ஆணியையும் கோர்த்திருக்கு. விடிய விடிய வெச்சிருந்தாலும் இது ஓடியிருக்காது."

"கண்ணாடிய மறந்துட்டு வந்தன், டீச்சர்" என்றார் பதுர்தீன்.

"ஓடும்" என்றார் செல்லையா.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். "எப்படி ஓடும்? ஆணியோட ஆணி சேர்ந்தா..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பதுர்தீன் கோர்த்தா ஓடும்." செல்லையா நாற்காலியை இழுத்து நண்பருக்குப் பக்கத்தில் போட்டு, சப்பாத்துக் காலோடு உட்கார்ந்தார். "நீ சும்மா இரு. உனக்கு வேணும்னா சொல்லு, இன்னொரு கதிரை இருக்கு."

டீச்சர் சும்மா இருக்கவில்லை. கதிரையை இழுத்துக்கொண்டார்.